பள்ளி வேளாண் மன்றத்தில் சிப்பிக் காளான்: பை பச்சை பிடிக்கிறது, திங்கள்கிழமை வந்து பார்த்தால் மொட்டு காய்ந்திருக்கிறது

மன்றப்_பொறுப்பு:
வணக்கம். கிராமத்து உயர்நிலைப் பள்ளி. வேளாண் மன்றத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேர். வாரத்துக்கு இரண்டு பீரியடு, ஒன்று 40 நிமிடம். சாமான் போட்டு வைத்திருந்த ஓட்டு அறை ஒன்றைக் காளானுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். வைக்கோலை நறுக்கி, வெந்நீரில் போட்டு, வடித்து, பாலித்தீன் பையில் வித்தோடு (காளான் இழை வளர்த்த தானியம்) அடுக்குகிறோம்.

பாதிக்கும் மேற்பட்ட பைகள் பத்து நாளுக்குள் பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிடுகின்றன. தப்பியவற்றில் காம்பு நீளமாகவும் குடை பொத்தான் அளவிலும் வருகிறது. சனி, ஞாயிறு கழித்துத் திறந்தால் மொட்டெல்லாம் மஞ்சளாகி வாடியிருக்கிறது. வெந்நீருக்குப் பதில் பார்மலின், கார்பெண்டசிம் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் பச்சை வராது என்கிறார்கள். பள்ளியில் அதைச் செய்யலாமா? வித்திலிருந்து காளானின் வெள்ளை இழை வைக்கோலில் பரவும் இரண்டு, மூன்று வாரம் 24 பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

காளான்_கொட்டில்:
முதலில் பச்சை எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள், காரணம் பாதி அதிலேயே தெரிந்துவிடும். பை முழுக்க அங்கங்கே திட்டாக வந்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை. அடியில் மட்டும் என்றால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வித்து மணிகளைச் சுற்றி மட்டும் என்றால் வித்து பழசு அல்லது வாங்கும்போதே கெட்டது. வாயிலும் துளையிலும் மட்டும் என்றால் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்தது.

வெந்நீரில் பலரும் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். வைக்கோல் மிதக்கும். மேலே மிதக்கிற பகுதி வேகாது, அதையும் சேர்த்துத்தான் பையில் போடுகிறோம். 3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலைச் சணல் சாக்கில் தளர்வாகக் கட்டி, 4, 5 மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு வெந்நீருக்குள் இறக்கி மேலே கல் வைத்து அமுக்குங்கள். சாக்கு இறங்கியதும் தண்ணீரின் சூடு குறையும். திரும்ப 80 டிகிரிக்கு வந்த பிறகுதான் ஒரு மணி நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு வெப்பமானி போதும். அடுப்புப் பக்கம் பிள்ளைகள் வேண்டாம், பெரியவர்கள் இருவர் இறக்கி ஏற்றட்டும்.

அடுத்தது ஈரம். ஒரு பிடி வைக்கோலை இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். பிள்ளைகளின் கைப்பிடி ஆளுக்கு ஆள் மாறும், அதனால் தராசையும் வையுங்கள். 500 கிராம் உலர்ந்த வைக்கோல் பைக்குப் போகும்போது 1.4 கிலோவை ஒட்டி இருந்தால் ஈரம் சுமார் 65 சதவீதம், அதுதான் வேண்டும். 1.8 கிலோ காட்டினால் 72 சதவீதத்துக்கு வந்துவிட்டது. சுத்தமான தார்ப்பாயில் நிழலில் இன்னும் கொஞ்சம் உலர்த்துங்கள். சூடு முழுக்க ஆறிய பிறகே வித்து. வெதுவெதுப்பாக இருக்கும்போது போட்டால் வித்து செத்துப்போகும், அந்த இடத்தைப் பச்சை பிடித்துக்கொள்ளும்.

60 × 30 செ.மீ. பை, நடுவில் இரண்டு பக்கமும் 1 செ.மீ. துளை. ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 25 முதல் 30 கிராம் வித்து. வித்தை ஓரத்தில் தூவுங்கள், நடுவில் கொட்ட வேண்டாம். ஒவ்வொரு அடுக்கையும் கையால் அமுக்குங்கள். தொளதொளவென்று விட்டால் இழை தாண்டிப் போகச் சிரமப்படும். பைக்குப் பை ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இழை பரவும்போது பையே சூடு கொடுக்கும், நெருக்கி அடுக்கினால் நடுப்பை வெந்துபோகும்.

பார்மலின் முறை கொட்டகைகளில் உண்டு. பள்ளியில் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும், அதில் இருக்கும் பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கார்பெண்டசிம் பூஞ்சைக்கொல்லி, அதை அளப்பது பிள்ளைகள் வேலை இல்லை. பச்சை பிடித்த பையை அறைக்குள் திறக்காதீர்கள். அப்படியே வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

நீளக் காம்புக்குக் காரணம் காற்றும் வெளிச்சமும். மொட்டு வரும் கட்டத்தில் அறையில் கரியமிலவாயு தங்கினால் காம்பு நீளும், குடை விரியாது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் தரையோரமாக ஒரு துவாரம் போட்டு, இரண்டுக்கும் நெருக்கமான வலை அடியுங்கள். அறைக்குள் நின்று செய்தித்தாள் படிக்க முடிந்தால் வெளிச்சம் போதும்.

நேர_அட்டவணை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் பள்ளிக்கூடத்துக் காளானைக் கெடுப்பது பெரும்பாலும் நாட்காட்டிதான். இழை பரவுகிற 15 முதல் 20 நாளுக்கு ஆள் தேவையில்லை. பையைத் திறந்த பிறகுதான் தினமும் இரண்டு, மூன்று தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். நீங்கள் திறக்கிற நாள் வாரத்தின் நடுவில் விழுந்தால் மொட்டு சரியாகச் சனிக்கிழமை தலைகாட்டும். அந்த இரண்டு நாளில்தான் அது காய்கிறது.

வெள்ளி மாலை திறங்கள். மூன்று, நான்கு நாளில், அதாவது திங்கள், செவ்வாயில் மொட்டு வரும். இன்னும் மூன்று நாளில், வியாழன், வெள்ளிக்குள் பறித்துவிடலாம். அதோடு பாலித்தீனை முழுசாகக் கிழித்து எடுக்காதீர்கள். பிளேடால் 4, 5 செ.மீ. கீறல் எட்டுப் போட்டால் போதும், காளான் கீறல் வழியாக வரும், உள்ளே ஈரம் நிற்கும். தரையில் 5 செ.மீ. ஆற்று மணல் பரப்பி, வெள்ளி மாலை நன்றாக நனைத்துவிட்டுப் போனால் வாரக்கடைசியை ஓரளவு தாங்கும். மொட்டு வந்த பிறகு ஒரு நாள் கூட விடமுடியாது. அந்த வாரத்துக்கு மட்டும் காவலரிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ சாவி இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பை போடுகிற நாளை வெந்நீரை வைத்து முடிவு செய்யுங்கள். அதிகாலை ஊறப்போட்டு, முற்பகலில் வேகவைத்து, மதியம் வரை உலர்த்தினால் கடைசி பீரியடுக்கு அடுக்கலாம். 40 நிமிடத்தில் நான்கு பேர் சேர்ந்து இரண்டு பை போடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே பீரியடில் முடிக்கப் பார்ப்பதால்தான் வைக்கோல் சூடாகவும் ஈரமாகவும் பைக்குள் போகிறது.

மன்றப்_பொறுப்பு:
நன்றி சார். எங்கள் பைகளில் பச்சை அடியில்தான் பிடிக்கிறது, ஆக ஈரம்தான். ஒன்று கேட்க வேண்டும்: ஐந்து நாள், பத்து நாள் விடுமுறை வந்தால்? இழை பரவி முடிந்த பையைத் திறக்காமல் வைத்திருக்கலாமா?

நேர_அட்டவணை:
ஐந்து நாள் என்றால் வைக்கலாம், அறையின் குளிர்ச்சியான மூலையில், இருட்டில். அதற்கு மேல் போனால் துளை வழியாகவே மொட்டு வந்துவிடும், வராவிட்டால் பைக்குள் மஞ்சள் தண்ணீர் கட்டும். பத்து நாள் விடுமுறைக்கு அது உத்தரவாதம் இல்லை. பை போட்ட நாளிலிருந்து மூன்றாவது அறுவடை வரை சுமார் 45 நாள். தேர்வு தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி 45 நாள் எண்ணி, அதற்குள் போட முடியாவிட்டால் அந்தப் பருவத்துக்குப் போடவேண்டாம்.

பட்டறை_வாத்தியார்:
காத்திருக்கும் நாளுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. 24 பேரையும் காளான் அறைக்குள் விடுவதே தப்பு, கூட்டம் போனால் காற்றில் பூஞ்சைத் தூள்தான் பறக்கும். நான்கு பேராக ஆறு குழு பிரியுங்கள். முறை வைத்து ஒரு குழு அறைக்கு, மற்ற ஐந்தும் வேறு வேலைக்கு.

சைக்கிள் பழுது இதற்குத் தோது. பாதிப் பிள்ளைகள் சைக்கிளில்தானே வருவார்கள், பொருள் தேடவேண்டாம். இரண்டு டயர் லீவர், காற்றடிக்கும் பம்பு, 8 முதல் 17 மி.மீ. வரை ஸ்பானர் செட், உப்புத்தாள், பஞ்சர் சொல்யூஷன், ஒட்டுத்துண்டு, வாளியில் தண்ணீர். பஞ்சர் ஒட்டுவதில் பிள்ளைகள் தப்பு செய்வது இரண்டு இடத்தில். சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே துண்டை ஒட்டிவிடுகிறார்கள், நாலு நாளில் பெயர்ந்துவிடும். ஓட்டையைச் சுற்றி ஒட்டுத்துண்டைவிட ஒரு விரல் அதிகமாக உப்புத்தாள் போட்டு, மெல்லிசாகத் தடவி, மினுமினுப்பு போய் மங்கலாகும் வரை காத்திருக்க வேண்டும். விரலால் தொட்டுப் பார்க்கக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்க்காமலே டியூபை மாட்டுவது. முள் அங்கேயே இருந்து அடுத்த தெருவில் மறுபடி குத்தும். வெறுங்கையால் தடவ வேண்டாம், துணி சுற்றித் தடவினால் முள் இருக்கிற இடத்தில் துணி சிக்கும். டயரை ஏற்றும்போது கடைசிப் பகுதியைக் கையாலேயே தள்ளுங்கள். லீவரால் நெம்பினால் டியூப் நசுங்கிப் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழும்.

பிரேக், செயின் இரண்டும் அடுத்த கட்டம். பிரேக்கைத் தொட்ட சைக்கிளை நீங்கள் ஓட்டிப் பார்த்த பிறகே பிள்ளையிடம் கொடுங்கள்.

காளான்_கொட்டில்:
குழு பிரிப்பது நல்லது. குழுவுக்கு இரண்டு பை, ஒவ்வொன்றிலும் சீட்டு: போட்ட தேதி, வித்து பாட்டிலில் உள்ள தேதி, உலர் எடை, ஈர எடை. வித்து 20 நாளுக்குள் இருக்கட்டும். அறுவடை எடையைக் கூட்டி உலர் எடையால் வகுத்து நூறால் பெருக்கச் சொல்லுங்கள். 500 கிராம் வைக்கோலில் 210, 130, 60 என்று மூன்று தடவை பறித்தால் 80 சதவீதம். ஈரம் கூடிய குழுவின் கணக்கு எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

குடையின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள். ஓரம் மேலே திரும்பினால் வெள்ளைத் தூள் கொட்டும், மூச்சுக் கோளாறு உள்ள பிள்ளைக்கு அது ஆகாது. பறிக்கிறவர் முகக்கவசம் போடட்டும், இழுப்புள்ளவரை அறை வேலையில் சேர்க்காதீர்கள். பையில் கறுப்பாக, மெல்லிய காம்போடு, ஒரே நாளில் மையாகக் கரைகிற காளான் வந்தால் அது களை. சமைக்கும் கூடையில் அது விழக்கூடாது, நாம் வித்து போட்ட காளான் மட்டும்தான் கூடைக்கு.

மூன்று அறுவடை முடிந்த வைக்கோலை எறியாதீர்கள். பாலித்தீனை நீக்கி, பாதி மக்கிய சாணத்தோடு சமமாகக் கலந்து இரண்டு வாரம் ஆறவிட்டு மண்புழுத் தொட்டியில் போடலாம். சூடு தணியும் முன் புழுவை விட்டால் செத்துப்போகும் அல்லது தொட்டியைத் தாண்டி ஓடும். தொட்டியை நிழலில், ஈரச் சாக்கு மூடி, காளான் அறையிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருந்தால் அங்கே பெருகும் சின்ன ஈ அடுத்த சுற்றுப் பைகளில் முட்டையிடும்.