எதிராளி காயைத் தொட்டுவிட்டு "தொடவே இல்லை" என்றால்? ரேபிட் போட்டிகளில் டச் மூவ் கிளைம்

நாலாம்போர்டு:

பள்ளிப் பிள்ளைகளை ரேபிட் (குறைந்த நேர) செஸ் போட்டிகளுக்குத் தயார் செய்யும்போது ஓப்பனிங், எண்ட்கேம், டாக்டிக்ஸ் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். விதிகளை மட்டும் "போட்டியில் தானாகத் தெரிந்துகொள்வாய்" என்று விட்டுவிடுகிறோம். அதற்கான விலையைப் பிள்ளைகள் போர்டில்தான் கொடுக்கிறார்கள்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். எதிராளி குதிரையைக் கையில் எடுக்கிறான். அது நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராணி வெட்டுப்படும் என்று அப்போதுதான் கவனிக்கிறான். குதிரையைப் பழைய கட்டத்திலேயே வைத்துவிட்டு, மந்திரியை (பிஷப்) நகர்த்திக் கிளாக்கை அழுத்துகிறான். நடுவர் பத்து போர்டு தள்ளி வேறு ஏதோ தகராறைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். "டச் மூவ்" (தொட்ட காயைத்தான் ஆட வேண்டும்) என்று நம் பிள்ளை சொன்னால், "நான் தொடவே இல்லை" என்று பதில் வருகிறது.

1) அந்த நொடியில் பிள்ளை என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில்?
2) தொட்டவருக்கு இரண்டு நிமிட அபராதம் உண்டா? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.
3) "சின்ன விஷயம், விட்டுவிடு, அதுதான் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்" என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். கிளைம் செய்வது (நடுவரிடம் முறையிடுவது) நாகரிகமில்லாத செயலா?

நீலப்பேனா:

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். அதுதான் பெரியது.

பிள்ளை செய்ய வேண்டிய முதல் காரியம் கையைக் காயிலிருந்து விலக்கி வைப்பது. உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடேவின் விதி 4.8 தெளிவாக இருக்கிறது: ஆடும் எண்ணத்தோடு நீங்கள் ஒரு காயைத் தொட்டுவிட்டால், எதிராளி டச் மூவை மீறியதைப் பற்றிக் கிளைம் செய்யும் உரிமை போய்விடுகிறது. பெரும்பாலான கிளைம்கள் தோற்பது இங்கேதான். ரேபிடில் கை தானாகக் காய்க்குப் போய்விடும். பதில் நகர்வை ஆடி முடித்த பிறகுதான் "சார், அவன் குதிரையைத் தொட்டான்" என்று பிள்ளை கையைத் தூக்கும். நடுவர் கேட்கும் முதல் கேள்வி "நீ காயைத் தொட்டுவிட்டாயா?" என்பதுதான். "ஆமாம்" என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்து, எதிராளியிடம் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு தடவை "டச் மூவ்" என்று சொல்லலாம். முடிந்தால் அவன் கிளாக்கை அழுத்துவதற்கு முன்பே. அவன் ஒத்துக்கொண்டு குதிரையை ஆடினால் பிரச்சினை தீர்ந்தது. மறுத்தால் இரண்டாவது தடவை சொல்ல வேண்டாம். அது வாக்குவாதமாகி, பக்கத்துப் போர்டுகளுக்கும் தொந்தரவாகும். கடைசியில் நம் பிள்ளைக்கே எச்சரிக்கை கிடைக்கலாம்.

கிளாக்கை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். நடுவரின் உதவி தேவைப்படும்போது கிளாக்கை நிறுத்த ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் எந்தப் பொத்தான் நிறுத்துகிறது என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது. லீவரை அமுக்கினால் கிளாக் நிற்காது, எதிராளியின் நேரம்தான் ஓடத் தொடங்கும். பயிற்சி வகுப்பில் போட்டிக் கிளாக் ஒன்றை வைத்து, நிறுத்தவும் மறுபடி ஓடவிடவும் பத்து தடவை பழக்கிவிடுங்கள்.

நடுவர் வரும்வரை போர்டில் எதையும் பழைய இடத்துக்கு மாற்றி வைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

நடுவரிடம் சொல்லும் விதமும் முக்கியம். "அவன் ஏமாற்றுகிறான்" என்று ஆரம்பித்தால் நடுவர் முதலில் பிள்ளையைத்தான் அமைதிப்படுத்த வேண்டியிருக்கும். "எஃப்6 குதிரையைக் கையில் எடுத்தார். திரும்ப எஃப்6-இலேயே வைத்தார். பிறகு மந்திரியை ஆடினார். நான் இன்னும் எதையும் தொடவில்லை." இந்த நான்கு வாக்கியம் போதும். இதையும் பழக்குங்கள்.

நடுவர் எதிராளியிடம் கேட்பார். நேராகக் கேட்டால் பல பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டாலோ, நடுவரே பார்த்திருந்தாலோ, நம்பத்தக்க சாட்சி இருந்தாலோ மந்திரி பழைய இடத்துக்குப் போகும், குதிரைக்கு விதிப்படி ஒரு நகர்வாவது இருந்தால் குதிரையை ஆடியே ஆக வேண்டும். மறுப்பு மட்டும் இருந்து சாட்சி இல்லையென்றால், வழக்கமாக நடுவர் "இருக்கும் நிலையிலிருந்து தொடருங்கள்" என்றுதான் சொல்வார். அது அநியாயமாகத் தோன்றும், ஆனால் ஒருவர் சொல்லை மட்டும் வைத்து அவர் காயை நகர்த்த வைக்க முடியாது. அந்த நிலையில் பிள்ளை கேட்க வேண்டியது: "சார், இந்தப் போர்டைக் கொஞ்சம் கவனியுங்கள்." ஒரு கிளைம் தோற்றாலும், அதன்பின் நடுவரின் கண் அங்கே இருக்கும்.

எச்8மூலை:

நீலப்பேனா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நடுவர் தன் கண்ணால் பார்த்துவிட்டால் கிளைம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே தலையிட வேண்டும். "பிள்ளை கேட்கவில்லையே" என்பது சரியான காரணம் அல்ல.

இப்போது இரண்டாவது கேள்வி. டச் மூவை மீறுவது வேறு, இல்லீகல் மூவ் (விதிப்படி செல்லாத நகர்வு) வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

குதிரையைத் தொட்டுவிட்டு மந்திரியை ஆடுவது, மந்திரி போன வழி விதிப்படி சரி என்றால், இல்லீகல் மூவ் ஆகாது. எனவே ஃபிடே விதி 7.5.5-இன் இரண்டு நிமிடம் இதற்குத் தானாக வராது. தொட்ட காயை ஆட வேண்டும், அவ்வளவுதான். திரும்பத் திரும்பச் செய்தாலோ, வேண்டுமென்றே தொந்தரவு கொடுத்தாலோ நடுவர் எச்சரிக்கலாம், நேரத்தில் கை வைக்கலாம். அது 12.9-இன் கீழ் அவருடைய தீர்மானம்.

இல்லீகல் மூவுக்குத்தான் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது: முதல் தடவை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதல் (இன்னும் வேகமான பிளிட்ஸில் ஒரு நிமிடம்), இரண்டாவது தடவை ஆட்டம் தோல்வி. எதிராளியிடம் செக்மேட் செய்யவே வழியில்லாத காய்கள் இருந்தால் மட்டும் டிரா. கிளாக்கை அழுத்திய பிறகுதான் இல்லீகல் மூவ் முழுமையாகிறது. நகர்வே ஆடாமல் கிளாக்கை அழுத்துவதும், கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் ஆடுவது), வெட்டு, புரொமோஷன் (கடைசி வரிசைக்குப் போன சிப்பாயை வேறு காயாக்குவது) ஆகியவற்றை இரண்டு கையால் செய்து கிளாக்கை அழுத்துவதும் இதே கணக்கில்தான் வரும். பிள்ளைகள் இரண்டு கை கேஸ்லிங்கில்தான் அதிகம் மாட்டுவார்கள்.

ஒரு நடுவர் பல போர்டுகளைப் பார்க்கும் ரேபிட் போட்டியில், இல்லீகல் மூவுக்குப் பதில் நகர்வை நீங்கள் ஆடிவிட்டால் அது அப்படியே நிற்கும். பிறகு கேட்டால் திருத்த மாட்டார்கள். நீண்ட நேர ஸ்டாண்டர்டு ஆட்டத்தில் ஆட்டம் முடியும்வரை கண்டுபிடித்தால் பின்னோக்கிப் போகலாம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

கேஸ்லிங்கிலும் டச் மூவ் இருக்கிறது. ராஜாவை முதலில் தொட வேண்டும். யானையை வேண்டுமென்றே முதலில் தொட்டு அப்புறம் ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் கேஸ்லிங் செய்யக் கூடாது, நகரக்கூடிய யானை என்றால் யானையைத்தான் ஆட வேண்டும். "கேஸ்லிங் செய்யத்தானே போனேன்" என்று அழுதும் பயனில்லை.

காயைச் சரிசெய்வதானால், தன் முறையில் மட்டும், தொடுவதற்கு முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்ல வேண்டும். தொட்ட பிறகு சொல்வது செல்லாது. சட்டைக் கையோ முழங்கையோ தெரியாமல் பட்டால் அது டச் மூவ் இல்லை.

வெள்ளைக்கட்டம்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கிளைம் செய்வதில் நாகரிகக் குறைவு துளியும் இல்லை. மறுப்பதில்தான் குறை இருக்கிறது.

2016 மாஸ்கோ கேண்டிடேட்ஸில் ஆரோனியனுக்கு எதிராக நகமுரா ராஜாவைத் தொட்டுவிட்டுப் பிறகுதான் "அட்ஜஸ்ட்" என்றார். ஆரோனியன் விதியைக் கேட்டார். ராஜாவை ஆடித்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பானது, நகமுரா அந்த ஆட்டத்தைத் தோற்றார். உலகச் சாம்பியனோடு ஆட யார் தகுதி பெறுவது என்ற போட்டி அது. அங்கே கேட்கலாம் என்றால் பள்ளிப் போட்டியில் ஏன் கேட்கக் கூடாது?

கேட்காமல் விட்டதற்கும் உதாரணம் உண்டு. 1994 லினாரெஸில் ஜூடித் போல்காருக்கு எதிராக உலகச் சாம்பியன் காஸ்பரோவ் குதிரையை சி5-இல் வைத்துக் கையை எடுத்தார். கால் நொடி அளவுக்கு விரல்கள் காயை விட்டிருந்தது வீடியோவில் தெரிந்தது. பிறகு அதே குதிரையை எஃப்8-இல் வைத்தார், ஆட்டத்தையும் ஜெயித்தார். விட்ட காயை வேறு கட்டத்துக்கு மாற்றக் கூடாது என்பது விதி. போல்காருக்கு அப்போது 17 வயது. அவர் கிளைம் செய்யவில்லை. இதை நான் பெருந்தன்மை என்று எண்ணவில்லை. எதிரே இருப்பவரின் பெயரைப் பார்த்து ஒரு சிறுமி பேசத் தயங்கும் சூழல் இருக்கக் கூடாது. நம் பிள்ளைகளும் எதிராளியின் 1900 ரேட்டிங்கைப் பார்த்தாலே இப்படித்தான் வாயடைத்துப் போகிறார்கள்.

உண்மையான ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்புக்கு 1960 புவெனஸ் ஐரிஸில் உன்சிக்கருக்கு எதிராக ஃபிஷர் ஆடியதைச் சொல்வேன். எச் சிப்பாயைத் தொட்டுவிட்டார், அதை ஆடினால் கெடும் என்று தெரிந்தது. எந்தச் சாக்கும் சொல்லாமல் அதையே ஆடி, 22 நகர்வில் தோற்றார். விட்டுக்கொடு என்று பிள்ளையிடம் சொல்லும் பெற்றோர், தொட்டால் ஆடு என்றும் சேர்த்துச் சொல்லட்டும்.

பெற்றோருக்கு இன்னொன்று. பார்வையாளர் இடத்திலிருந்து "தொட்டான், தொட்டான்" என்று கத்துவது உங்கள் பிள்ளைக்குத்தான் கேடு. விதிமீறலைப் பார்த்தவர் நடுவரிடம் மட்டுமே சொல்லலாம், ஆட்டக்காரரிடம் பேசக் கூடாது. பக்கத்துப் போர்டு ஆட்டக்காரரும் அப்படியே.

நாலாம்போர்டு:

மூவருக்கும் மிக்க நன்றி. இதையொட்டி ஒன்று: புரொமோஷன் நேரத்தில் ராணி கைக்கு எட்டாமல் இருந்தால்? தலைகீழாக யானையை வைத்து "ராணி" என்று சொல்வதைப் பிள்ளைகள் சகஜமாகச் செய்கிறார்கள். யாரும் எதுவும் சொல்வதும் இல்லை.

எச்8மூலை:

உடனே நிறுத்த வையுங்கள். தலைகீழாக வைத்தாலும் அது யானைதான், வாயால் ராணி என்று சொன்னாலும் யானைதான். எந்தக் காய் அந்தக் கட்டத்தைத் தொட்டதோ அதுவே முடிவு.

2017 கனடா சாம்பியன்ஷிப் டைபிரேக்கில் (சமநிலையை முறிக்கும் ஆட்டம்) நோரிட்சின் சாம்புயேவுக்கு எதிராக இதையேதான் செய்தார். நேரம் கொஞ்சமே இருந்தது, ராணி மேசையில் கண்ணில் படவில்லை, யானையைக் கவிழ்த்து வைத்தார். நடுவர் நிறுத்தி, அது யானை என்று தீர்ப்புச் சொன்னார். வெட்டப்பட்ட அந்த ராணி சாம்புயேவின் கைக்குள் இருந்தது பிறகு வீடியோவில் தெரிந்தது. நோரிட்சின் தோற்றார், பட்டம் சாம்புயேவுக்குப் போனது. தீர்ப்பு விதிப்படி சரி. ஆனால் வெட்டிய காயைக் கையில் வைத்துக்கொண்டே ஆடுவது கெட்ட பழக்கம். அதையும் சின்ன வயதிலேயே விட வைக்க வேண்டும். வெட்டினால் உடனே காயை மேசையில், கிளாக் ஓரமாக, எதிராளி கண்ணுக்குத் தெரியும்படி வை என்று சொல்லுங்கள்.

ராணி இல்லையென்றால் செய்ய வேண்டியது: சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்கு நகர்த்து, கிளாக்கை எதிராளி பக்கம் தள்ளாதே, நிறுத்து, "ராணி வேண்டும்" என்று நடுவரைக் கேள். இதற்காகக் கிளாக்கை நிறுத்தலாம் என்று 6.11.2-இலேயே எழுதியிருக்கிறது. அவசரத்தில் சிப்பாயை அப்படியே விட்டுக் கிளாக்கை அழுத்தினால் அது இல்லீகல் மூவ்: சிப்பாய் ராணியாக மாறும், வேறு காய் கேட்க முடியாது, எதிராளிக்கு இரண்டு நிமிடமும் போகும்.

நீலப்பேனா:

அதைவிடச் சுலபமான வழி ஒன்று. சிப்பாய் ஆறாவது வரிசைக்கு வந்ததுமே, தன் முறையில் யோசிக்கும்போது, ராணி எங்கே என்று கண்ணால் தேடச் சொல்லுங்கள். எதிராளி கையில் இருந்தால் நடுவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். கூடுதல் ராணிகளை நடுவர் மேசையில் வைத்திருப்பார்கள், ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள்.