எத்தனை உறை தெரிகிறது?

குழு: நம்ம தெரு, தெப்பக்குளம் (மதுரை)

வெள்ளி

கிணற்றடி வீட்டு மாமா, காலை 6.12
எல்லாருக்கும் வணக்கம். வைகை அணை ராத்திரி 66 அடியைத் தொட்டுவிட்டது. முதல் வெள்ள எச்சரிக்கை கொடுத்தாயிற்று. 68.5 வந்தால் இரண்டாவது, 69 வந்தால் மூன்றாவது. அப்புறம் வருகிற தண்ணீரை ஆற்றில் விட்டுவிடுவார்கள். அணையின் உயரமே 71 அடிதான். ஆற்றோரம் வேலை இருக்கிறவர்கள் பார்த்துப் போங்கள்.

கிணற்றடி வீட்டு மாமா, காலை 6.14
நம் வீட்டுக் கிணற்றில் இன்றைக்குத் தண்ணீருக்கு மேல் ஏழு உறை (உள்ளே அடுக்கிய வளையம்) தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை ஒன்பது.

டீச்சர் அக்கா, காலை 6.30
மாமா, யானைக்கல் தரைப்பாலம் திறந்திருக்கிறதா? எனக்குச் செல்லூர்ப் பக்கம் போக வேண்டும்.

கிணற்றடி வீட்டு மாமா, காலை 6.33
இப்போதைக்குத் திறந்திருக்கிறது அம்மா. ஆனால் கரையோர ரோடு வேண்டாம். தடுப்பணையில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டுக்கு ஏறிவிடும். மேம்பாலத்திலேயே போய்விடு.

தையல் கடை அக்கா, காலை 6.51
குழாயில் தண்ணீர் வந்ததா யாருக்காவது?

டீச்சர் அக்கா, காலை 6.52
இன்னும் இல்லை அக்கா.

மூன்றாம் வீட்டுத் தம்பி, காலை 8.05
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஒரு தகவல். நாளைக்குக் காலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு லாரி மண் வருகிறது. பின்கட்டில் இருக்கும் பழைய கிணற்றை மூடிவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்து வண்டி நிறுத்தத் தளம் போடுகிறோம். ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் டூவீலர்களை மட்டும் கொஞ்சம் ஓரமாக நிறுத்திக்கொடுங்கள். சிரமத்துக்கு மன்னிக்கவும்.

தையல் கடை அக்கா, காலை 8.09
அந்தக் கிணற்றையா?

கிணற்றடி வீட்டு மாமா, காலை 8.40
தம்பி, கோபித்துக்கொள்ளக் கூடாது. வீடு உங்களுடையது, கிணறும் உங்களுடையது. வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது என்பதால் சில விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நான் சொல்லலாமா?

மூன்றாம் வீட்டுத் தம்பி, காலை 8.42
சொல்லுங்கள் மாமா. இதில் என்ன கோபம்.

கிணற்றடி வீட்டு மாமா, காலை 9.05
தெப்பக்குளம் இருபது வருஷத்துக்கு மேல் தண்ணீரில்லாமல் சும்மா கிடந்தது. தைப்பூசத்துக்கு மீனாட்சியும் சொக்கநாதரும் வருவார்கள். தண்ணீரில் மிதந்து சுற்ற வேண்டிய தெப்பத்தை நின்ற இடத்திலேயே வைத்து நிலைத்தெப்பமாக நடத்துவோம். அந்த வருஷங்களில் நம் தெருவில் ஒவ்வொரு கிணறாகக் கைவிட்டோம். ஆளுக்கு ஒரு போர் போட்டோம், முதலில் 150 அடி, அப்புறம் 300 அடி. பனையூர் கால்வாயைச் சரி பண்ணி வைகைத் தண்ணீர் மறுபடி தெப்பத்துக்கு வந்த பிறகுதான் எங்கள் கிணற்றில் ஊற்று திறந்தது. நான் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். தெப்பம் நிரம்பிய மூன்றாவது வாரம் முதல் ஈரம் தெரிந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தால் தெப்பம், தெப்பத்தில் நின்றால் கிணறு. மண்ணைப் போட்டு மூடிவிட்டால் அப்புறம் அதைத் தோண்டித் திறக்க யாராலும் முடியாது, தம்பி.

துபாய் அண்ணன், காலை 9.20
மாமா சொல்வது சத்தியம். நானெல்லாம் பவுலிங் கற்றுக்கொண்டதே தெப்பத்துக்குள்தான். மைய மண்டபத்துப் பக்கம் ஒரு கிரீஸ், படிக்கட்டுதான் பவுண்டரி. போன வருஷம் லீவில் வந்தபோது கரைச் சுவரில் சாய்ந்து முழுத் தண்ணீரைப் பார்த்தேன், ராத்திரி பத்து மணி வரைக்கும் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. யாராவது இன்றைக்கு ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

டீச்சர் அக்கா, காலை 9.31
திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது. அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த இடம் என்றும், அப்போது கிடைத்தவர்தான் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். மண் எடுத்த பள்ளத்தை அப்படியே விடாமல் குளமாக்கி, ஆற்றிலிருந்து கால்வாயும் கொண்டுவந்திருக்கிறார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மூன்றாம் வீட்டுத் தங்கச்சி, காலை 10.02
அக்கா, மாமா, எல்லாரும் சொல்வது புரிகிறது. கிணற்றை மூடச் சொன்னது நான்தான், அவர் இல்லை. பாப்பாவுக்கு இரண்டு வயது முடியப் போகிறது. கதவைத் திறந்தால் போதும், பின்கட்டுக்கு ஓடுகிறாள். போன மாதம் கிணற்றுச் சுவரோரம் பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்றுவிட்டாள். உள்ளே எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிறாள், தன் குரல் திரும்பி வருகிறது என்று சிரிக்கிறாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்றையிலிருந்து ராத்திரி தூக்கமே சரியாக வருவதில்லை.

தையல் கடை அக்கா, காலை 10.06
ஐயோ கண்ணு. இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?

கிணற்றடி வீட்டு மாமா, காலை 10.10
தாயி, நீ பயந்தது நியாயம். நான் பிள்ளையை யோசிக்காமல் பேசிவிட்டேன்.

வெல்டிங் பட்டறை அண்ணன், காலை 10.34
தங்கச்சி, மூடுவதற்கு மண்தான் வேண்டும் என்றில்லை. இரும்புக் கிராதி அடித்து மேலே போட்டுவிடலாம். கட்டம் நெருக்கமாக வைத்தால் பிள்ளையின் கைகூட உள்ளே போகாது. ஒரு பக்கம் கீல், ஒரு பக்கம் பூட்டு, சாவி உங்கள் கையில். கூலி வேண்டாம், கம்பிக்கு மட்டும் கொடுங்கள். மதியம் வந்து அளவெடுக்கட்டுமா?

மூன்றாம் வீட்டுத் தம்பி, காலை 10.41
வண்டி நிறுத்த இடம் போதாதே அண்ணே.

வெல்டிங் பட்டறை அண்ணன், காலை 10.43
அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். துவைகல்லை மட்டும் நகர்த்தினால் கார் திரும்பும் என்று நினைக்கிறேன்.

தையல் கடை அக்கா, மதியம் 12.15
இந்தக் கிணற்றைப் பற்றி நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 2017 கோடை. வைகை அணையே வறண்டு கிடந்த வருஷம். நம் தெருவில் எல்லாக் கிணற்றிலும் அடி தெரிந்தது, போரிலும் காற்றுதான் வந்தது. உங்கள் வீட்டில் அப்போது இருந்த பாட்டியின் கிணறு மற்றவற்றைவிட ஆழம். அதில் மட்டும் ராத்திரி முழுக்கச் சுரந்து காலையில் முழங்கால் அளவு நிற்கும். பாட்டி நாலு மணிக்கே எழுந்து பின்கதவைத் திறந்து வைத்துவிடும். வீட்டுக்கு இரண்டு குடம். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று சுவரில் கரிக்கோடு போடும். என் பிரசவத்துக்கு முந்தின வாரம் நான் போக முடியவில்லை. என் கோடு விழவில்லையே என்று பார்த்து, பேரனிடம் இரண்டு குடத்தையும் கொடுத்தனுப்பியது. அந்தக் கைப்பிடிச் சுவரில் கயிறு தேய்த்த பள்ளம் நாலைந்து இருக்கும், விரலை வைத்துப் பார் கண்ணு. அதில் ஒன்று நாங்கள் எல்லாரும் இழுத்த கயிறு.

மூன்றாம் வீட்டுத் தங்கச்சி, மதியம் 12.40
இருக்கிறது அக்கா. இப்போதுதான் போய்த் தொட்டுப் பார்த்தேன். விரல் முழுசாக உட்காருகிறது.

டீச்சர் அக்கா, மதியம் 1.20
என் மகன் பக்கத்தில் நச்சரிக்கிறான், அவன் சொல்வதையும் போடுகிறேன். பள்ளியிலிருந்து கீழடி அருங்காட்சியகம் போனார்களாம். அங்கே கிடைத்த உறைகிணறும் இதே மாதிரி வளையத்துக்கு மேல் வளையம் அடுக்கியதுதானாம், சுட்ட மண்ணில். "மூன்றாம் வீட்டு மாமா கிணற்றை மூடினால், அப்புறம் அதையும் தோண்டித்தான் எடுக்கணும்" என்கிறான்.

வெல்டிங் பட்டறை அண்ணன், மதியம் 3.10
அளவு எடுத்தாயிற்று. உள்விட்டம் நாலடி. கார் தாராளமாகத் திரும்புகிறது, தம்பியும் பார்த்துவிட்டார். இன்னொன்று, மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய், 2003இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று போட்டது, இப்போது சாக்கடைக்குள் போகிறது. இரண்டு எல்போ மாற்றினால் கிணற்றுக்குள் திருப்பிவிடலாம்.

மூன்றாம் வீட்டுத் தம்பி, மாலை 4.25
மண் லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டிகளை யாரும் நகர்த்த வேண்டாம். அண்ணே, கிராதி எப்போது கிடைக்கும்?

வெல்டிங் பட்டறை அண்ணன், மாலை 4.27
ஞாயிறு மாட்டிவிடுகிறேன். அதுவரைக்கும் பட்டறையில் கிடக்கும் தகரத்தை இப்போதே கொண்டுவந்து போட்டு, மேலே இரண்டு கல் வைத்துவிடுகிறேன். பிள்ளையைப் பின்கட்டுக்கு விடாதீர்கள்.

துபாய் அண்ணன், மாலை 5.02
தெப்பம் படம்?

டீச்சர் அக்கா, மாலை 6.18
(படம்)
வெயில் இறங்கும்போது எடுத்தது. கரையெல்லாம் கூட்டம், சுண்டல் கடை, பலூன் வண்டி. படியில் மூன்று தண்ணீருக்குள் போய்விட்டது.

துபாய் அண்ணன், மாலை 6.20
நன்றி அக்கா. ரூமில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

கிணற்றடி வீட்டு மாமா, இரவு 8.45
அணை இப்போது 66.8. நாளைக்கு ஆற்றுப் பக்கம் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

சனி

மூன்றாம் வீட்டுத் தங்கச்சி, காலை 6.05
மாமா, தகரத்தை ஓரமாக நகர்த்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். பாப்பா உள்ளே தூங்குகிறாள். எங்கள் கிணற்றில் எட்டு என்று நினைக்கிறேன். எங்கிருந்து எண்ண வேண்டும்?

கிணற்றடி வீட்டு மாமா, காலை 6.07
கைப்பிடிச் சுவரை விட்டுவிடு தாயி. தரைக்குக் கீழே முதல் உறை ஒன்று. மோட்டார் போடுவதற்கு முன்னால் எண்ண வேண்டும். எண்ணிவிட்டு இங்கேயே போடு, உங்கள் வீட்டுக்கும் காலண்டரில் ஒரு கட்டம் போட்டுவிட்டேன்.

மூன்றாம் வீட்டுத் தங்கச்சி, காலை 6.11
அப்படியானால் ஏழு மாமா.