மா ஆலை வெடித்த பிறகு ஆளுநர் வாஷ்பேர்ன் என்ன செய்தார்?

பரந்தன் மாணவி:
வணக்கம். 1872 முதல் 1874 வரை அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநில ஆளுநராக இருந்த கட்வாலடர் வாஷ்பேர்னுக்கு, மினியாபொலிஸ் நகரில் ஒரு பெரிய கோதுமை மா ஆலை இருந்ததாகவும் அது 1878 இல் வெடித்துச் சிதறியதாகவும் வாசித்தேன். எங்கள் வளவுக்குப் பின்னால் ஓர் அரிசி ஆலை இயங்குகிறது. வெடிமருந்தே இல்லாத இடத்தில் இது எப்படி நேர்ந்தது? அவர் அதற்குப் பொறுப்பேற்றாரா?

நெடுங்கேணி ஆசிரியர்:
பிள்ளை, அப்போது அவர் பதவியில் இல்லை. 1818 இல் இன்றைய மேய்ன் மாநிலத்தில் பிறந்து, மேற்கே வந்து சட்டத்தொழிலும் காணி, மர வியாபாரமும் செய்து பணம் சேர்த்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாகவும் இருந்தார். மதுபான விற்பனையை இறுக்கிய சட்டத்துக்கு ஒப்பமிட்டு ஜெர்மானியக் குடியேறிகளின் வெறுப்பைத் தேடிக்கொண்டது, 1873 தேர்தலில் அவர் தோற்றதற்கு ஒரு முக்கிய காரணம். 1878 மே 2 ஆம் திகதி மாலை, தானியமின்றிச் சுழன்ற அரைகற்கள் உரசித் தெறித்த பொறி, காற்றில் நிறைந்திருந்த மாத்தூசியைப் பற்றவைத்தது. 18 பேர் இறந்தனர். அருகிலிருந்த ஆலைகளும் அழிந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இல்லம் அமைக்க அவர் உயில் எழுதிவைத்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாங்குளம் மில்காரர்:
ஆசிரியர் ஐயா சொன்ன இல்லம் நல்ல காரியந்தான். ஆயினும் உயிரோடு வேலை செய்பவனைக் காப்பதே முதலாளியின் முதற்கடமை என்பேன். மிளகாயும் அரிசியும் அரைக்கும் எங்கள் சிறிய ஆலையிலேயே, பெல்ட் அதிரும்போது மேல் வளையில் படிந்த மா மெல்ல உதிர்ந்து, யன்னல் வெயிலில் புகைபோல் நிற்பதைத் தினமும் காண்கிறேன். கும்பியாகக் கிடக்கும் மா மெதுவாகத்தான் எரியும். காற்றில் பரவிய மாவோ, ஒவ்வொரு துகளையும் காற்றுச் சூழ்ந்திருப்பதால், ஒரே கணத்தில் எரிந்து அடைத்த கட்டடத்தைப் பிளந்துவிடும். வாஷ்பேர்ன் ஆலையை மீண்டும் கட்டியபோது, வியன்னாவில் பிறந்த பொறியியலாளர் வில்லியம் டி லா பாரைக் கொண்டு தூசியை உறிஞ்சும் ஏற்பாட்டைச் செய்வித்தார். கற்களுக்குப் பதிலாக உருளைகளும் வந்தன. 1880 இல் அது இயங்கத் தொடங்கியது. அந்த அக்கறை 18 பேர் போன பிறகு வந்ததுதான் என் மனத்தை வருத்துகிறது.

பரந்தன் மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் வளவுக்குப் பின்னாலுள்ள அரிசி ஆலையில் மேல் வளைகளைக் கூட்டுகிறார்களா என்று நாளை போய்க் கேட்கப்போகிறேன்.

மாங்குளம் மில்காரர்:
கேளுங்கள், தங்கச்சி. இயந்திரத்தை நிறுத்திய பிறகே கூட்டவேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.