ஆயாம்மா சம்பளத்தில் ரெண்டு பங்கு பிஎஃப் பிடித்தம்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வியாசர்பாடி வாசி:
தனியார் பள்ளி, கான்ட்ராக்ட் வேலை. ஆயாம்மா நாலாக மடித்து வைத்திருந்த சீட்டைக் காட்டினார். சம்பளம் 9,000. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 2,160, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) 361. கைக்கு 6,479. "இப்படித்தான் பிடிப்பாங்களாம் தம்பி" என்றார். அந்த 2,160 இன்னும் உறுத்துகிறது. தொழிலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 1,080. இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம், 68 ரூபாய். முதலாளி கட்ட வேண்டிய 1,373 ரூபாயையும் அந்தம்மா தலையில் கட்டியிருக்கிறார்கள். அது சட்டப்படி கூடவே கூடாது.

கொருக்குப்பேட்டை:
பிடித்ததைக் கட்டினார்களா என்று முதலில் பாருங்க. ராயபுரத்தில் ஒரு துப்புரவு அக்காவுக்கு மாதாமாதம் பிடித்தம் உண்டு, பாஸ்புக்கில் ஜூனுக்குப் பிறகு ஒரு வரி இல்லை. 9,000 சம்பளத்துக்கு ஒவ்வொரு மாதமும் மூன்று தொகை ஏற வேண்டும்: தொழிலாளி பங்கு 1,080, முதலாளி பங்கில் பிஎஃப்புக்கு 330, பென்ஷனுக்கு 750. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். யுஏஎன் என்பது தொழிலாளிக்கான நிரந்தர பிஎஃப் எண், 12 இலக்கம். அதோடு சூப்பர்வைசர் மொபைலை இணைத்திருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும், முதலில் அதை மாற்றுங்க. ஆதாரில் இனிஷியல் வேறு மாதிரி இருந்தால் பணம் எடுக்கும்போது மாட்டும். ஜூனில் கான்ட்ராக்டர் மாறினால் புது எண் போடவே விடாதீங்க, பழைய யுஏஎன்னையே கொடுங்க. இல்லாவிட்டால் பழைய பணம் தனியாகக் கிடக்கும்.

பெரம்பூர் லோகோ:
சகோ, கான்ட்ராக்டரையே சுற்றி வருவதில் பயனில்லை. அவர் கட்டாவிட்டால் பள்ளி நிர்வாகம்தான் கட்ட வேண்டும். மனுவைப் பள்ளிக்கும் பிஎஃப் அலுவலகத்துக்கும் சேர்த்தே போடுங்கள், சம்பளச் சீட்டு நகலோடு.

தண்டையார்பேட்டை:
எல்லோரும் பிடித்தத்திலேயே நிற்கிறீர்கள். கழிவறையில் ஆசிட் ஊற்றி, அது கழுவிப் போகும் முன்பே பிளீச்சிங் பவுடர் தூவச் சொல்கிறார்கள். ரெண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஒரு அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் நின்றது கண்ணிலேயே இருக்கிறது. துணி மாஸ்க் இதற்கு உதவாது. ஆசிட் போட்டால் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டு முழுசாகக் கழுவிய பிறகுதான் பவுடர். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பாதிப்பு வந்தால் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். வேலைக் காயத்துக்கு இஎஸ்ஐயில் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே ஆனாலும் உண்டு. வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போனால், வேலையில் நடந்தது என்று சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.