பக்கத்து டெர்மினலுக்கு ஒரு வரி: ஷெல் ஸ்கிரிப்ட் அனுபவங்கள்

கீழ்த்தள_லேப்

ஒரே கணினியில் பல பேர் லாகின் செய்து வேலை பார்த்த காலத்தில், இன்னொருவர் திரைக்குச் செய்தி அனுப்ப ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்) எழுதியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன்.

1998. எங்கள் பொறியியல் கல்லூரியில் லேப் இரண்டு தளங்களில் இருந்தது. கீழே இருபது டெர்மினல் (திரையும் கீபோர்டும்), மேலே இருபது. எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரோடு சீரியல் கேபிளில் இணைந்தவை. ரோல் நம்பர்தான் லாகின் பெயர்: சிஎஸ்1, சிஎஸ்2 என்று போகும். கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாடிப்படி ஏற வேண்டும், இல்லையென்றால் 'ரைட்' கட்டளை. 1971-ல் வந்த முதல் யூனிக்ஸிலேயே இருந்த கட்டளை அது. எதிராளியின் பெயரைக் கொடுத்து, வரியை அடித்து, கன்ட்ரோல்-டி அழுத்தினால் முடிந்தது.

அதைச் சுற்றி நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி 'சொல்லு' என்று பெயர் வைத்தேன். லாகின் செய்திருப்பவர்களைக் காட்டும் 'ஹூ' கட்டளையின் பட்டியலை, சொல் தேடும் 'கிரெப்'புக்கு அனுப்பி, பெயர் இருக்கும் முதல் வரியை எடுத்து, அதிலிருந்து டெர்மினலைப் பிரித்து 'ரைட்'டுக்குக் கொடுக்கும். எட்டே வரி. லேப் முழுக்கப் பரவிவிட்டது. லேப் அசிஸ்டென்ட்டே அதைத்தான் பயன்படுத்துவார்.

ஒரு நாள் மதியம் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். சிஎஸ்2-க்கு வீட்டிலிருந்து எஸ்டிடி கால், லைனில் காத்திருக்கிறார்கள். மேல் தளத்தில் பிராக்டிகல் நடக்கிறது, கூப்பிட முடியாது. "நீ சொல்லிடுப்பா" என்றார் அசிஸ்டென்ட். "வீட்லேருந்து போன், உடனே ஆபீஸுக்கு வா" என்று அடித்து அனுப்பினேன்.

'கிரெப்' சிஎஸ்2 என்று தேடினால் சிஎஸ்2 மட்டுமா வரும்? சிஎஸ்20, சிஎஸ்21, சிஎஸ்22 எல்லாமே வரும். அன்று பட்டியலில் முதலில் நின்றது சிஎஸ்21. அந்த வாரம் அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்கு அது தெரியாது.

மாடிப்படியில் யாரோ ஓடி இறங்கும் சத்தம் கேட்டது. செருப்பு கூடப் போடவில்லை. லேப் வாசலில் கழற்றி வைத்தது அப்படியே கிடந்தது. ஆபீஸில் போய் ரிசீவரை எடுத்தவள் "அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறாள். எதிர்முனையில் வேறொருவருடைய அம்மா. ரயில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது என்று மகனிடம் சொல்லக் கூப்பிட்டவர். பாவம், அவரும் பயந்துபோய்விட்டார்.

அன்றிரவே திருத்தினேன். 'கிரெப்'பை எடுத்துவிட்டு, வரியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் 'ஆக்' போட்டேன்: முதல் கட்டத்தில் இருக்கும் பெயர் கேட்ட பெயரோடு எழுத்துக்கு எழுத்து சமமாக இருந்தால்தான் அனுப்பும். 'கிரெப்'பையே வைத்துக்கொண்டாலும் வரியின் தொடக்கக் குறியும், பெயருக்குப் பின் ஒரு ஸ்பேஸும் சேர்த்திருந்தால் போதும். ஒரு ஸ்பேஸ். அவ்வளவுதான்.

சாம்பல்_திரை

படிக்கும்போதே வயிற்றைப் பிசைஞ்சுடுச்சு.

எங்க இடத்துல எல்லாருக்கும் சி ஷெல் (நாம அடிக்கிற கட்டளையைப் படிச்சு ஓட்டுற புரோகிராம்). ஸ்கிரிப்ட் பேருக்கு அடுத்து ஆளோட பேரு, அதுக்கடுத்து செய்தி, எல்லாம் ஒரே வரியில அடிக்கணும். கொஞ்ச நாள்ல ஒண்ணு கவனிச்சோம், யாராலும் கேள்வி கேக்க முடியல! "சாப்பிட வர்றியா?"ன்னு அடிச்சா "நோ மேட்ச்"னு வந்து நின்னுடும். கேள்விக்குறின்னா 'ஏதோ ஒரு எழுத்து'ன்னு ஷெல் எடுத்துக்கிட்டு, அந்த மாதிரி ஃபைல் இருக்கான்னு டைரக்டரியில தேடும். நட்சத்திரக்குறி போட்டா இன்னும் மோசம். ஒருத்தர் கணக்கு ஒண்ணை பெருக்கல் குறியோட அனுப்பினார், எதிராளிக்கு இவரோட ஃபைல் பேர் மொத்தமும் போய்ச் சேர்ந்துச்சு. ஆச்சரியக்குறி போட்டா பழைய கட்டளையைத் தேட ஆரம்பிச்சுடும்.

மேற்கோள் குறி போடுங்கன்னு சொல்லிப் பார்த்தோம், யாருக்கும் ஞாபகம் இருக்கல. கடைசியில செய்தியைக் கட்டளை வரியில வாங்குறதையே விட்டுட்டோம். பேரை மட்டும் கொடுத்தா போதும், ஸ்கிரிப்ட் "என்ன சொல்லணும்"னு கேட்டு, அடிக்கிறதை அப்படியே படிச்சுக்கும். அப்புறம்தான் கேள்வியெல்லாம் போக ஆரம்பிச்சது.

முனையம்7

என் அனுபவம் வாங்கும் பக்கத்திலிருந்து.

'வீஐ' எடிட்டரில் புரோகிராம் அடித்துக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தால், அது திரையில் கர்சர் நிற்கும் இடத்தில் விழும். ஃபைலுக்குள் போவதில்லை, திரையில் மட்டும். ஆனால் முதல் தடவை பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? நான் அந்த வரிகளை அழிப்பதாக நினைத்துக்கொண்டு, அடியில் மறைந்திருந்த என் சொந்த வரிகள் நான்கை அழித்துவிட்டு சேவ் செய்தேன். கன்ட்ரோல்-எல் அழுத்தினால் திரை தன்னைத் திருப்பி வரைந்துகொள்ளும் என்று பக்கத்து சீட் அக்கா பிறகு சொல்லிக்கொடுத்தார். 'மெஸ்ஜ் என்' கட்டளையையும் அவர்தான் சொன்னார். அதைப் போட்டால் நம் டெர்மினலின் டிவைஸ் ஃபைலில் குரூப்புக்கான ரைட் பெர்மிஷன் போய்விடும். 'எல்எஸ் -எல்' போட்டு ஃபைலின் விவரத்தைப் பார்த்தால் நடுவில் இருக்கும் 'டபிள்யூ' காணாமல் போயிருக்கும். அந்த ஒற்றை எழுத்துதான் நம் கதவு.

எல்லா உரிமையும் உள்ள ரூட் அக்கவுன்ட்டுக்கு இந்தக் கதவு கிடையாது. எங்கள் சிஸ்டம் அட்மினால் யார் திரையிலும் எழுத முடியும். ஆனாலும் 'மெஸ்ஜ் என்' போட்டிருப்பவரிடம் அவர் எழுந்து நடந்துவந்துதான் பேசுவார். "மூடியிருக்கீங்கன்னா வேலையா இருக்கீங்கன்னு அர்த்தம்" என்பார். சர்வரை நிறுத்தப்போகும்போது மட்டும் 'வால்' கட்டளையில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு செய்தி, பத்து நிமிடம் முன்னதாக.

'ரைட்'டில் பேசிய பழக்கம் ஒன்றும் ஞாபகம் வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் அடித்தால் எழுத்துகள் கலந்துவிடும். அதனால் ஒருவர் முடித்ததும் கடைசியில் ஒரு 'ஓ' போடுவார், 'உன் முறை' என்று. பேச்சே முடிந்தால் 'ஓஓ'. பழைய மேனுவலிலேயே இருந்த வழக்கம். 1983-ல் 4.2பிஎஸ்டி யூனிக்ஸோடு வந்த 'டாக்' கட்டளையில் இந்தத் தொல்லை இல்லை, திரை மேலும் கீழுமாகப் பிரிந்திருக்கும். ஆனால் எதிராளி ஒவ்வொரு எழுத்தாக அடிப்பதும், தயங்குவதும், அடித்ததை அழிப்பதும் கண்ணெதிரே தெரியும். சொல்ல வந்து அழித்த வார்த்தையை நான் பார்த்திருக்கிறேன். இன்றைய எந்தச் செயலியிலும் அந்த நெருக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கணுமேலாளர்

இதெல்லாம் பழங்கதை இல்லை. நான் ஆராய்ச்சி கிளஸ்டர் (பல கணினிகள் சேர்ந்த அமைப்பு) ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். லாகின் கணினியில் இன்றும் எப்போதும் முப்பது பேர் இருப்பார்கள். டிஸ்க் நிரம்பப்போகிறது என்றால் அதிக இடம் பிடித்திருப்பவர்களுக்குச் செய்தி அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். சாதாரண அக்கவுன்ட்டில், ரூட் இல்லாமல் ஓடும். 'ஹூ -டி' போட்டால் செய்தி வாங்கத் தயாராக இருப்பவருக்குக் கூட்டல் குறியும், மூடியிருப்பவருக்குக் கழித்தல் குறியும் வரும். கூட்டல் இருந்தால் 'ரைட்', கழித்தல் இருந்தால் மெயில்.

2024 மார்ச்சில் 'வால்எஸ்கேப்' என்ற ஓட்டை வெளியானது. 'வால்' கட்டளைக்குச் செய்தியைக் கட்டளை வரியிலேயே கொடுத்தால், அதிலிருக்கும் எஸ்கேப் குறிகளை (திரையைக் கட்டுப்படுத்தும் மறைகுறிகள்) வடிகட்டாமல் அப்படியே அடுத்தவர் திரைக்கு அனுப்பிவிடும். 2013-லிருந்தே இருந்த பிழை. அதை வைத்து அடுத்தவர் திரையில் போலியாக 'சூடோ' (ரூட் உரிமையில் கட்டளை ஓட்ட உதவுவது) பாஸ்வேர்ட் கேள்வியை வரையலாம். இந்தக் கட்டளைகள் அடங்கிய யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் 2.40-ல் சரிசெய்தார்கள். டெபியன் லினக்ஸ் இன்னும் ஒரு படி போய், 'வால்', 'ரைட்' இரண்டுக்கும் இருந்த 'செட்ஜிஐடி' உரிமையையே எடுத்துவிட்டது. சரியான முடிவுதான்.

ஆனால் அந்த உரிமை இருந்ததால்தான் சாதாரண யூசர் அடுத்தவர் டெர்மினலில் எழுத முடிந்தது. அப்டேட்டுக்குப் பிறகும் 'ஹூ -டி' கூட்டல் குறியையே காட்டியது. டெர்மினலின் பெர்மிஷன் மாறவில்லையே! 'ரைட்' மட்டும் எர்ரர் சொல்லித் திரும்பியது. நான் எர்ரரையெல்லாம் 'டெவ் நல்'லுக்கு (எதை எழுதினாலும் மறைந்துவிடும் இடம்) தள்ளியிருந்தேன். ஸ்கிரிப்ட் வாரக்கணக்கில் "அனுப்பியாச்சு" என்று லாக்கில் எழுதிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் போகவில்லை.

டிஸ்க் நிரம்பி, முனைவர் பட்ட மாணவி ஒருவரின் ஆறு நாள் ஜாப் பாதியில் செத்தது. "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றார். என்னிடம் இருந்த லாக்கில் நான்கு தடவை சொன்னதாக இருந்தது. அதை அவரிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. இப்போது ஒவ்வொரு 'ரைட்'டின் எக்ஸிட் ஸ்டேட்டஸையும் (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) பார்க்கிறேன். பூஜ்யம் இல்லையென்றால் உடனே மெயில், கூடவே அடுத்த லாகினில் திரையில் தெரியும்படி அவர் பெயரில் ஒரு ஃபைல்.

ஆயுதஎழுத்து

தமிழில் அனுப்பிப் பார்த்தவர்கள் யாராவது? நான் பார்த்தேன். பழைய யூட்டில்-லினக்ஸின் 'ரைட்' ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துகளின் தொகுதி) வெளியே இருக்கும் எதையும் நம்பாது. ஒவ்வொரு பைட்டையும் எட்டடிமான எண்ணாக மாற்றித்தான் காட்டும். 'அ' என்று அடித்தால் எதிரே \340\256\205 என்று வரும். 'அம்மா' என்ற சொல்லுக்குள் ஐந்து யூனிகோட் குறிகள், அதாவது பதினைந்து பைட். எதிராளி திரையில் அது அறுபது எழுத்து நீளத்துக்கு ஓடியது.

விட மனசில்லை. ஸ்கிரிப்ட் தமிழ்ச் செய்தியை ஒரு ஃபைலில் எழுதி, 'செட்எஃப்ஏசிஎல்' வைத்து அந்த ஒருவர் மட்டும் படிக்கும்படி உரிமை கொடுத்து, 'ரைட்' வழியாக "படி" என்ற கட்டளையின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் அனுப்பும். அவர் 'படி' என்று அடித்தால் ஃபைல் திறந்து, தமிழ் தமிழாகத் தெரியும். அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர் தமிழ். அந்த மூவருக்காக மட்டும் ஓடிய ஸ்கிரிப்ட் அது.

@கீழ்த்தள_லேப், அந்தப் பெண்ணிடம் பிறகு பேசினீர்களா?

கீழ்த்தள_லேப்

மறுநாளே மன்னிப்புக் கேட்க 'ரைட்' போட்டேன். செய்திகளை மூடி வைத்திருக்கிறார் என்று பதில் வந்தது. நேரில் போய்ச் சொன்னேன். "பரவால்ல" என்றாள், அவ்வளவுதான். அந்த செமஸ்டர் முழுக்க அவள் பெயருக்கு நேரே கழித்தல் குறிதான்.

கடைசி வருடம், பிராஜெக்ட் சமயம். ஒரு நாள் மாலை என் திரையில் தலைப்பு வரி விழுந்தது: சிஎஸ்21-இடமிருந்து செய்தி. அப்போதெல்லாம் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம்.

"அப்பா நல்லா இருக்கார். நேத்து வீட்டுக்கு ஃபோன் போட்டப்ப நீ ஞாபகம் வந்தே. ஸ்பேஸ் போட்டுட்டியா? ஓ"

"போட்டுட்டேன். ஓ" என்று அடித்தேன்.

"ஓஓ" என்று வந்தது. கீழே, கன்ட்ரோல்-டி அழுத்தினால் வரும் 'இஓஎஃப்'.