அடைத்து வளர்க்கும் பெட்டைகள் ஒன்றையொன்று இறகு பிடுங்குகின்றன

கேள்வி (காங்கேயம் அருகில்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துச் சாளையில் 13 பெட்டைகளும் ஒரு சேவலும் உள்ளன. கட்டுத்தறியிலும் எருக்குழியிலும் மேய்ந்து திரிந்தவற்றை, தெருநாய்கள் இரண்டைக் கொன்றுவிட்டதால், 8 அடிக்கு 5 அடி கம்பிவலைக் கூண்டில் அடைத்தோம். மூன்று வாரங்களுக்குள் நான்கு பெட்டைகளுக்கு வாலடியில் இறகே இல்லை. ஒன்றுக்கு நேற்று இரத்தம் வந்துவிட்டது. மக்காச்சோளக் குருணையும் ரேஷன் அரிசியும்தான் தீவனம். இது இறகு உதிர்ப்பா, நோயா என்று தெரியவில்லை. கறிக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். முட்டையிடும் பெட்டைகளை இழக்க எனக்கு மனமில்லை.

பதில் (கோபிப் பக்கம்):
அம்மிணி, இரத்தம் வந்த பெட்டையை இன்றே பஞ்சாரத்துக்குள் தனியாக விடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்தும்; ஆசனவாய்ப் பக்கம் புண்ணாகிவிட்டால் குடலையே இழுத்துக் கொன்றுவிடும். புண்ணுக்கு மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள்.

இறகு உதிர்ப்பென்றால் தலையிலும் கழுத்திலும் தொடங்கி உடல் முழுவதும் இறங்கிவரும், உதிர்ந்த இடத்தில் குருத்திறகும் தெரியும். சேவல் மிதித்ததென்றால் பிடரியும் நடு முதுகும் தேயும். வாலடியில் முறிந்த தண்டுகளோடு மொட்டையாக இருப்பது பெரும்பாலும் கொத்துதான். ஆனாலும் இரவில் டார்ச் அடித்து, அவை அடையும் கட்டையின் இடுக்குகளைப் பாருங்கள். பகலில் அங்கே ஒளிந்திருக்கும் செள்ளு இரவில்தான் ஏறி இரத்தம் குடிக்கும்.

40 சதுர அடியில் 14 உருப்படி என்றால், ஒன்றுக்கு 3 சதுர அடிகூட இல்லை. நாளெல்லாம் குப்பையைக் கிளறிய அலகுக்கு இப்போது வேலையே இல்லாததால், பக்கத்துக் கோழியின் இறகுதான் அதற்குக் கிடைக்கிறது. கடலைக்கொடியைப் பரப்பி அதில் தானியத்தைத் தூவுங்கள்; அகத்திக்கீரையைத் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்; ஒரு மூலையில் மண்ணும் சாம்பலும் கலந்து புரள இடம் கொடுங்கள். மாலையில் நீங்கள் உடன் நிற்கும் இரண்டு மணி நேரமாவது வெளியே விட வேண்டும்.

பதில் (நாமக்கல்):
அண்ணன் சொன்னதோடு தீவனத்தையும் சேர்த்துப் பாருங்கள், அக்கா. இறகின் பெரும்பகுதி புரதமே. முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டியிருக்க, மக்காச்சோளத்தில் 9 சதவீத அளவுக்குத்தான் உண்டு. அரிசியில் அதைவிடக் குறைவு. கடலைப் புண்ணாக்கில் புரதம் மிகுதி என்றாலும், இறகுக்கு வேண்டிய மெத்தியோனின் என்ற புரதக்கூறு அதில் குறைவு என்பதால், உப்பில்லாத கருவாட்டுத்தூளையும் சிறிது கலக்க வேண்டும். பூசணம் பிடித்த புண்ணாக்கு நஞ்சு. அதை வாங்கவே வாங்காதீர்கள். பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்து, மாலையில் புற்றருகே கவிழ்த்து வைத்தால், காலையில் கரையான் ஏறியிருக்கும்; அதையும் கோழிகளுக்குக் கொட்டுங்கள்.

பண்ணைகளில் செய்கிறார்களே என்று அலகை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அதன் நுனியில் நரம்பு ஓடுகிறது. மண்ணைக் கிளறித் தின்னும் கோழிக்கு அந்த நுனிதான் கை.

கேள்வி கேட்டவர், 20 நாள் கழித்து:
இருவருக்கும் நன்றி. ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்ததில், பிடுங்குவது பெரும்பாலும் ஒரே கருங்கால் பெட்டைதான் என்று தெரிந்தது. அதை எட்டு நாள் தனியே வைத்துத் திரும்ப விட்டபோது, மற்றவை அதை அடக்கிவிட்டன. இப்போது ஒதுங்கி நின்றே தின்கிறது. மூன்றுக்கு இறகு முளைத்துவிட்டது. புண்பட்ட பெட்டைக்குப் புண் ஆறிவிட்டது, குருத்தும் வருகிறது. அதை இப்போது கூட்டத்தில் சேர்க்கலாமா?

பதில் (கோபிப் பக்கம்):
வேண்டாம், அம்மிணி. வளரும் குருத்துக்குள் இரத்தம் ஓடும். ஒரு கொத்துப் பட்டாலும் மீண்டும் சிவப்புத் தெரிந்துவிடும். உறை உதிர்ந்து இறகு விரியும் வரை பகலில் பஞ்சாரத்தைக் கூண்டுக்குள்ளேயே வைத்திருங்கள். மற்றவை அதைப் பார்த்துப் பழகியிருக்கும்; பிறகு ஒரு மாலை, எல்லாம் அடைந்த பின், கட்டையில் ஏற்றிவிடுங்கள்.