முதல் ஆர்கிட்: இலை சுருங்குகிறது, தண்ணீரைக் கூட்டுவதா குறைப்பதா?

பால்கனிச்செடி (கோவை):

வணக்கம். எனக்கு இது முதல் ஆர்கிட், பரிசாக வந்தது. வெள்ளைப் பூ, அகலமான தடித்த இலைகள், சீட்டில் ஃபெலனாப்சிஸ் என்று எழுதியிருக்கிறது. உள்ளே மண் கிடையாது, உள்ளிருக்கும் வேர் கண்ணுக்குத் தெரிகிற, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தொட்டியில் காய்ந்த பாசியை இறுக்கி அடைத்து, அதை ஓட்டை இல்லாத ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள். விற்ற இடத்தில் தினமும் ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும் என்றார்களாம், அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது அடி இலைகள் இரண்டும் துவண்டு, கோடு கோடாகச் சுருக்கம் விழுந்திருக்கிறது, பூவும் ஒவ்வொன்றாக உதிர்கிறது. மேல் பாசியைத் தொட்டால் மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது, அதனால் தண்ணீர் போதவில்லையோ என்று தோன்றுகிறது, ஆனால் எங்கே தேடிப் படித்தாலும் தண்ணீர் அதிகமானால் ஆர்கிட் செத்துவிடும் என்கிறார்கள். வாரம் ஒரு முறை ஊற்று என்கிறார் ஒருவர், ஐஸ் கட்டி வை என்கிறார் இன்னொருவர்.

அப்புறம், நாலைந்து வேர் தொட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, சாம்பல் நிறத்தில். அதை வெட்டிவிடலாமா, இல்லை உள்ளே திணிக்கணுமா? வீடு பீளமேடு பக்கம், கிழக்குப் பார்த்த பால்கனி. சிறுவாணித் தண்ணீரும் வரும், போர் தண்ணீரும் உண்டு, எதை ஊற்றுவது? இந்தச் செடியை எப்படியாவது பிழைக்க வைக்கணும், வழி சொல்லுங்கள்.

மலைச்சரிவு (ஏற்காடு):

முதலில் செடியை அந்தப் பீங்கான் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள், தண்ணீர்க் கணக்கை அப்புறம் பார்க்கலாம். இலை சுருங்குவது தாகம்தான், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் அந்தத் தாகம் இரண்டு வழியில் வரும். தண்ணீரே கிடைக்காமல் வேர் காய்ந்தாலும் இலை சுருங்கும், தண்ணீர் தேங்கி வேர் அழுகி, உறிஞ்ச வேரே இல்லாமல் போனாலும் அச்சு அசல் அப்படித்தான் சுருங்கும். இலையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது எந்தத் தாகம் என்று பிடிபடாது. வேரைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: ஆர்கிட்டுக்கு நாள் எண்ணித் தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் கேட்கும்போது ஊற்றுங்கள்.

வேர் எப்படிக் கேட்கும் என்றால், நிறத்தில். பிளஸ் ஒன் தாவரவியலில் வாண்டா படத்தோடு வெலாமன் திசு என்று படித்திருப்பீர்களே, அதுதான் விஷயம். ஃபெலனாப்சிஸ், வாண்டா, டென்ட்ரோபியம் எல்லாமே மரத்தில் ஒட்டி வளர்கிற தொற்றுத் தாவரங்கள். வேரைச் சுற்றி இறந்த செல்களால் ஆன ஒரு வெள்ளை உறை இருக்கிறது, ஸ்பாஞ்ச் மாதிரி மழை பட்டதும் சட்டென்று உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது அந்த உறைக்குள் காற்று நிற்பதால் வேர் வெள்ளிச் சாம்பலாகத் தெரியும். நனைந்தால் உறை ஊடுருவித் தெரிகிற மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே வந்துவிடும். ஆமாம், அந்த வேரில் பச்சையம் உண்டு, அதுவும் வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும். வேர் தெரிகிற தொட்டியில் விற்பது அதற்கும் வசதி, உங்களுக்கும் வசதி. தொட்டிச் சுவரோரம் தெரிகிற வேர் பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள், சாம்பலாக மாறித் தொட்டியும் கையில் லேசாக இருந்தால் ஊற்றுங்கள்.

வெளியே நீட்டுகிற வேர்களை வெட்டவும் வேண்டாம், திணிக்கவும் வேண்டாம். அவைதான் இப்போதைக்கு உங்கள் செடியின் உயிர். காற்றில் வளர்ந்த வேரை ஈரப் பாசிக்குள் அழுத்தினால் பெரும்பாலும் அழுகும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் காடுகளில் இந்தச் செடிகள் மரக்கிளையில் வேரை அப்படியே வெளியே விட்டுத்தான் நிற்கின்றன. இங்கே ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்கிடேரியம் இருக்கிறது, இந்தப் பக்கம் வந்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கூடைவாண்டா (நாகர்கோவில்):

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒன்று மட்டும், மேல் பாசி காய்ந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்பாக்னம் பாசி மேலே மொறுமொறுப்பாக இருக்கும், நடுவில் பிழிந்தால் சொட்டும். நாற்றாக இருந்தபோது சுற்றிய பாசி உருண்டை அப்படியே நடுத்தண்டை இறுக்கிக்கொண்டு உள்ளே இருக்கும், பெரிய தொட்டிக்கு மாற்றும்போது அதை யாரும் எடுப்பதில்லை. சில செடிகளில் அந்த உருண்டையைச் சுற்றி ஒரு சின்ன வலைக் கிண்ணம்கூட இருக்கும். அழுகல் தொடங்குவது அங்கேதான். தைரியமாகப் பிரித்துப் பாருங்கள், பூவோடு இருந்தாலும் பரவாயில்லை, இலை துவண்ட செடியில் பூவைக் காப்பாற்றிப் பிரயோஜனம் இல்லை.

பிரிக்கும்போது அவசரம் கூடாது. தொட்டியைப் பக்கவாட்டில் அமுக்கித் தளர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற விட்டால் பாசி தானாக விட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு வேராக விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர், நிறம் பழுப்போ மஞ்சளோ எதுவானாலும் விட்டுவிடுங்கள், வெளிச்சம் படாத வேர் அப்படித்தான் இருக்கும். கொழகொழவென்று நசுங்கி, உறை கையோடு உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் அது போன வேர். அதை நல்ல பகுதி வரை வெட்டுங்கள். கத்தரியை முன்னாடி நெருப்பில் காட்டுங்கள், அல்லது ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டிய முனையில் மட்டும் சமையலுக்குப் போடுகிற இலவங்கப்பட்டைப் பொடி தொட்டு வையுங்கள். வேர் முழுக்கத் தூவாதீர்கள், நல்ல வேரையும் அது உலர்த்திவிடும். அழுகல் தண்டு வரை ஏறியிருந்தால் சாஃப் என்று பூஞ்சைக்கொல்லி கிடைக்கும், கார்பென்டசிமும் மேன்கோசெபும் கலந்தது, லிட்டருக்கு 2 கிராம், கையுறை போட்டுக்கொண்டு.

பால்கனிச்செடி (கோவை):

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பிரித்துவிட்டேன். நடுவில் நீங்கள் சொன்ன அதே உருண்டை, சொட்டச் சொட்ட ஈரம், லேசாகப் புளித்த வாடை வேறு. அதைச் சுற்றியிருந்த வேர் எல்லாம் கருத்துப்போய் உருவிக்கொண்டு வந்தது. சுவரோரம் மூன்று வேரும், வெளியே நீட்டிய வேர்களும் கெட்டியாக இருக்கின்றன. இலைகளுக்கு நடுவில் தண்டில் ஒரு சின்னப் பச்சை முனை எட்டிப் பார்க்கிறது, வேரா பூந்தண்டா தெரியவில்லை. இப்போது எதில் நடுவது, எப்போது தண்ணீர் காட்டுவது?

ஆடிக்காற்று (பொள்ளாச்சி):

நானும் உங்கள் பக்கம்தானுங்க, அதனால் நம்ம ஊர்க் காற்றுக்குச் சொல்கிறேன். பழைய பாசியைத் தூக்கிப் போடுங்கள். மரக்கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, அதோடு தேங்காய் மட்டைத் துண்டும் கொஞ்சம் ஓட்டுச் சில்லும் கலந்துகொள்ளுங்கள். பைன் பட்டை கிடைத்தால் அதுவும் நல்லது. மட்டைத் துண்டில் உப்பு இருக்கும், ரெண்டு மூணு நாள் ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவாமல் போடாதீர்கள், அது மக்கவும் செய்யும், அதனால் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். தொட்டி வேர் கொள்கிற அளவுக்குச் சின்னதாகவே இருக்கட்டும், பக்கவாட்டிலும் ஓட்டை போடுங்கள். பீங்கான் தொட்டி அழகுக்கு வேண்டும் என்றால், தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே இறக்குங்கள்.

நட்டதும் ஊற்றாதீர்கள், வெட்டுக்காயம் ஆற மூன்று நாலு நாள் நிழலில் விடுங்கள். அப்புறம் ஊற்றும்போது அரைகுறையாகத் தெளிப்பது வேண்டாம், தெளிப்பதில் மேல் மட்டும் நனையும். காலை நேரத்தில் தொட்டியை வாளிக்கு மேலே பிடித்து, எல்லா வேரும் பச்சையாக மாறும்வரை தாராளமாக ஊற்றி, சொட்டு நிற்கும்வரை வடிய விடுங்கள். நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள், ஃபெலனாப்சிஸுக்குக் குருத்து அழுகினால் மேலே வளர வழியில்லை. ஆடிக்காற்று அடிக்கும்போது கரித்தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும், ஐப்பசி மழையில் ஒரு வாரம் ஆனாலும் காயாது. ஒரே வீடு, ஒரே செடி, இவ்வளவு வித்தியாசம் வரும். ஐஸ் கட்டியில் வேர் முழுக்க நனையுமளவுக்குத் தண்ணீரும் கிடையாது, உப்பைக் கழுவி வெளியே தள்ளுகிற வேகமும் கிடையாது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

தண்ணீர் சிறுவாணியே ஊற்றுங்கள், யோசிக்காதீர்கள், நல்ல தண்ணீர் வருகிற நாளில் செடிக்கென்று ஒரு குடம் பிடித்து வைத்தால் போதும். போர் தண்ணீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும், வேர் நுனியைக் கருக்கும். மழைத் தண்ணீர் அதைவிட நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே விடுகிற தண்ணீரை மட்டும் தொடாதீர்கள், உப்பெல்லாம் சேர்ந்து கெட்டியாவது அதில்தான்.

மலைச்சரிவு (ஏற்காடு):

அந்தப் பச்சை முனை உருண்டையாக, வழவழப்பாக, பளபளவென்று இருந்தால் வேர். கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் கையுறையின் கட்டைவிரல் போலப் பிளவு தெரிந்தால் பூந்தண்டு. வேரிழந்த செடி பெரும்பாலும் முதலில் வேர்தான் விடும். புது வேர் கரிக்குள் தானாக இறங்கும், அந்த நுனியை இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நுனி ஒடிந்தால் அந்த வேரின் வளர்ச்சி அங்கேயே தடைப்படும்.

உரம் இப்போது வேண்டாம், புது வேர் ஒரு விரல் நீளம் வரட்டும். அப்புறம் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கிற 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம், நனைந்த வேரில்தான் ஊற்றணும், மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள். இப்போது நிற்கிற பழைய பூந்தண்டை அடியோடு வெட்டுங்கள், மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். சுருங்கிய அடி இலைகள் பழையபடி நிமிராமல் போகலாம், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பிய்க்கவும் செய்யாதீர்கள், மஞ்சளாகித் தானாக விழட்டும். நடுவில் வருகிற புது இலை விறைப்பாக இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பங்குனி, சித்திரையில் அந்தக் கிழக்கு வெயிலுக்கு ஒரு மெல்லிய திரை கட்டுங்கள். பூ வேண்டும் என்றால் சில வாரம் இரவு குளிரணும், கோவையில் மார்கழி, தையில் ராத்திரி பால்கனியிலேயே வைத்தால் அதற்கு வாய்ப்பிருக்கிறது, வேர் தேறிய செடியாக இருந்தால்.